சிங்கப்பூர் சாங்கியில் 8 மணி நேரம் காத்திருப்பா? விசா முதல் கசகசா வரை… வெளியே போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னையிலோ திருச்சியிலோ இரவு விமானம் ஏறி, அரைத்தூக்கத்தில் கண் விழித்தால் சிங்கப்பூர். மெல்போர்னுக்கோ, பாலிக்கோ, டோக்கியோவுக்கோ போகும் அடுத்த விமானத்துக்கு இன்னும் 8 மணி நேரம் இருக்கிறது. "இவ்வளவு நேரம் சும்மா உட்காருறதுக்கு வெளிய ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாமே?" என்று குடும்பத்தில் ஒருவர் ஆரம்பிப்பார். "விசா இல்லாம விடுவாங்களா? ஃபிளைட்ட விட்டுட்டா என்ன பண்றது?" என்று இன்னொருவர் தடுப்பார்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சரியாகத் திட்டமிட்டால் அந்த 8 மணி நேரத்தில் செராங்கூன் சாலையில் சூடாக இட்லி சாப்பிட்டுவிட்டு, கோயிலுக்கும் போய்விட்டு, நிதானமாக அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம். திட்டமிடாவிட்டால் குடிநுழைவு கவுண்டரிலேயே பயணம் சிக்கலாகலாம். யார் வெளியே போகலாம், யார் உள்ளேயே இருப்பது நல்லது, எத்தனை மணி நேரத்தில் எதைப் பார்க்கலாம்? முழு விவரம் இதோ.

முதல் கேள்வி: டிக்கெட் ஒன்றா, இரண்டா?

ஊர் சுற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன் பார்க்க வேண்டியது டிக்கெட்டைத்தான்.

இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், பொதுவாக லக்கேஜ் கடைசி ஊர் வரை நேராகப் போய்விடும். சென்னையில் பெட்டியைக் கொடுக்கும்போது ஒட்டப்படும் டேக்கில் கடைசி ஊரின் குறியீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைப் பிடிக்க முடியாமல் போனாலும், மாற்று விமானம் ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் கதையே வேறு. பெரும்பாலும் லக்கேஜ் சிங்கப்பூர் வரைதான் வரும். அதை எடுக்கக் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதாவது, சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி இருக்க வேண்டும். "நாங்க ஊருக்குள்ள போகப் போறதில்ல சார், பெட்டிய எடுத்து அடுத்த கவுண்டர்ல போடத்தான்" என்று சொன்னாலும் விதி மாறாது. தகுதி இல்லாதவர்களைப் புறப்படும் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மறுக்கவும் வாய்ப்பு உண்டு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், புது டிக்கெட் செலவும் பயணியின் தலையில்தான் விழும்.

கைப்பை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் ஆன்லைனில் கிடைத்துவிட்டால் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். ஆனாலும் அந்த விமான நிறுவனத்திடம் டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

விசா இல்லாமல் வெளியே போக முடியுமா?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா தேவை. ஆனால் வேறு நாட்டுக்குப் போகும் வழியிலோ, வரும் வழியிலோ இருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. '96 மணி நேர விசா இல்லா இடைவழிப் பயண வசதி' என்பது அது. இதற்கான முக்கிய நிபந்தனைகள்:

• ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய 8 நாடுகளில் ஏதாவது ஒன்றின் விசா அல்லது நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி இருக்க வேண்டும்.

• சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதமாவது அந்த விசா செல்லுபடியாக வேண்டும்.

• 96 மணி நேரத்துக்குள் கிளம்பும், உறுதி செய்யப்பட்ட அடுத்த டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

• பயணம் மூன்றாவது நாட்டுக்கோ, மூன்றாவது நாட்டிலிருந்தோ இருக்க வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்து மறுபடி சென்னைக்கே திரும்புவதற்கு இது பொருந்தாது.

உதாரணமாக, மெல்போர்னில் இருக்கும் மகளைப் பார்க்க ஆஸ்திரேலிய விசாவோடு போகும் பெற்றோர் இந்த வசதியைக் கேட்கலாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால், பாலிக்குச் சுற்றுலா போகிறவரும் கேட்கலாம். ஆனால் பாலி, வியட்நாம் என்று போகிற, இந்த 8 நாட்டு விசா எதுவும் இல்லாதவர்களுக்கு இது கிடைக்காது. அவர்கள் வெளியே போக விரும்பினால், சிங்கப்பூர் விசாவை முன்கூட்டியே வாங்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கட்டணம் தனி.

ஒன்றை மறக்கக் கூடாது. நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினாலும், உள்ளே விடுவதா வேண்டாமா என்பது குடிநுழைவு அதிகாரியின் முடிவு. விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் முன் சிங்கப்பூர் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

'அரைவல் கார்டு' – இலவசம், ஏமாற வேண்டாம்

வெளியே போகிறவர்கள் அனைவரும், குழந்தைகள் உட்பட, 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்ற மின்னணுப் படிவத்தை நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் இதை அனுப்பலாம். இது விசா அல்ல. வெறும் வருகைப் பதிவு.

இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. "அரைவல் கார்டுக்குப் பணம் கட்டுங்க" என்று கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் இல்லை என்று அர்த்தம். ஆணையத்தின் அதிகாரபூர்வ தளத்திலோ, 'மைஐசிஏ' செயலியிலோ மட்டும் நிரப்ப வேண்டும். குடிநுழைவைத் தாண்டாமல் டிரான்சிட் பகுதியிலேயே இருப்பவர்களுக்கு இது தேவையில்லை.

இன்னொரு விஷயம், பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம். சிங்கப்பூரில் இப்போது முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி மின்னஞ்சலுக்கு வந்துவிடும்.

நேரக் கணக்கு: 8 மணி நேரம் என்பது உண்மையில் 3 மணி நேரம்தான்!

பலர் சறுக்குவது இங்கேதான். 8 மணி நேரம் இருக்கிறது என்றால் 8 மணி நேரமும் ஊர் சுற்றலாம் என்று அர்த்தமில்லை.

• விமானம் தரையிறங்கி, நடந்து, குடிநுழைவைத் தாண்டி வெளியே வர: சுமார் 1 மணி நேரம்

• ரயிலில் நகருக்குள் போக: சுமார் 1 மணி நேரம்

• திரும்பி வர: சுமார் 1 மணி நேரம்

• அடுத்த விமானத்துக்கு முன் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது: 2 மணி நேரம்

ஆக, 5 மணி நேரம் கழிந்துவிடும். மீதி 3 மணி நேரம்தான் கையில். இதே கணக்கில் 6 மணி நேர லேஓவரில் நகருக்குள் 1 மணி நேரம்தான் மிஞ்சும். அதற்காக ஓடுவதில் பயனில்லை. 10 மணி நேரம் என்றால் 5 மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. கையில் கட்டிய வாட்ச்சில் நேரத்தை மாற்றாமல் ஊர் சுற்றினால், மதியம் 2 மணி விமானத்துக்கு "இப்பதான் மணி பதினொன்ற ஆகுது" என்று நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருக்க நேரிடும். அந்த நிமிடத்தில் விமானம் ஓடுபாதைக்குக் கிளம்பியிருக்கும். டிக்கெட்டில் உள்ளது எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான்.

5 மணி நேரத்துக்குக் குறைவா? உள்ளேயே இருங்கள்

1981-ல் திறக்கப்பட்ட சாங்கி விமான நிலையத்தில், டிரான்சிட் பகுதிக்குள்ளேயே பொழுதுபோக நிறைய இருக்கிறது. இதற்கு விசா தேவையில்லை.

டெர்மினல் 3-ல் பட்டாம்பூச்சித் தோட்டம், டெர்மினல் 2-ல் சூரியகாந்தித் தோட்டம், டெர்மினல் 1-ல் கள்ளிச்செடித் தோட்டம் ஆகியவை இலவசம். இலவசத் திரையரங்கமும் உண்டு. டெர்மினல் 1, 2, 3 மூன்றுக்கும் இடையே சிறிய ரயில் ஓடுகிறது. டெர்மினல் 4 மட்டும் தள்ளி இருப்பதால் அங்கே பேருந்தில்தான் போக வேண்டும். அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

வயதானவர்களும் கைக்குழந்தையும் கூட இருந்தால், ஊர் சுற்றுவதைவிடத் தூக்கம்தான் முக்கியம். டிரான்சிட் ஹோட்டல்களில் நாள் கணக்கில் இல்லாமல் மணிக்கணக்கில் அறை எடுக்கலாம். கட்டணம் கட்டிக் குளிக்கும் வசதியும் இருக்கிறது. சாய்ந்து தூங்க இலவச இருக்கைகளும் உண்டு.

ஜூவல் அருவி: பார்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை

சமூக வலைதளங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தக் கண்ணாடிக் கூரை அருவி, 'ஜூவல்' வணிக வளாகத்துக்குள் இருக்கிறது. 2019-ல் திறக்கப்பட்டது. 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது இது.

ஆனால் ஜூவல் இருப்பது டிரான்சிட் பகுதிக்கு வெளியே. அதாவது, அருவியை அருகில் போய்ப் பார்க்கவும் குடிநுழைவைத் தாண்ட வேண்டும். விசா தகுதி உள்ளவர்களுக்கு, 5 முதல் 6 மணி நேர இடைவெளியில் இதுதான் பொருத்தமான இடம். டெர்மினல் 1-ன் வருகைக் கூடத்தை ஒட்டியே இருப்பதால் ரயிலோ டாக்சியோ தேவையில்லை.

அதிகாலையில் இறங்குபவர்கள் கவனிக்க: அருவி 24 மணி நேரமும் கொட்டுவதில்லை. காலை 10, 11 மணி வாக்கில்தான் தொடங்கும். இரவில் ஒளிக்காட்சியும் உண்டு.

இலவச நகரச் சுற்றுலா

ஐந்தரை மணி நேரத்துக்கு மேலும் 24 மணி நேரத்துக்குக் குறைவாகவும் லேஓவர் உள்ள பயணிகளுக்கு, வழிகாட்டியோடு சுமார் இரண்டரை மணி நேர இலவசச் சுற்றுலா உண்டு. நகரின் முக்கிய இடங்களைப் பேருந்தில் காட்டி, மீண்டும் விமான நிலையத்தில் கொண்டுவந்து விடுவார்கள்.

முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்யலாம். டிரான்சிட் பகுதியில் உள்ள கவுண்டரிலும் கேட்கலாம். குடிநுழைவைத் தாண்டும் முன்பே அந்தக் கவுண்டருக்குப் போய்விட வேண்டும். "வெளிய வந்து பதிவு பண்ணிக்கலாம்" என்று நினைத்தால் வாய்ப்பு போய்விடும். இதற்கும் சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி கட்டாயம். சுற்றுலா இலவசம் என்பதால் விசா தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

8 மணி நேரம்: காலையில் இறங்கினால் தேக்கா

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 137 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் ஆண்டு முழுக்கக் காலை 7 மணி வாக்கில் விடியும், மாலை 7 மணி வாக்கில் இருட்டும். காலை 6 மணிக்கு இறங்கி மதியம் 2 மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள், 7 மணிக்கு வெளியே வந்தால் சரியாக விடிந்திருக்கும்.

சாங்கி ரயில் நிலையத்தில் ஏறி, அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் ரயில் பாதைக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா வந்துவிடலாம். உள்ளூர் தமிழர்களுக்கு இது 'தேக்கா'. தமிழ், சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. விமான நிலையப் பலகைகளிலேயே தமிழைப் பார்க்கலாம் என்பதால், ஆங்கிலம் தெரியாத பெரியவர்களும் ஓரளவு தைரியமாக இருக்கலாம்.

தேக்கா மார்க்கெட்டில் காலையில் காய்கறி, மீன் வியாபாரம் சுறுசுறுப்பாக நடக்கும். அதே கட்டடத்தில் உணவுக் கடைகளும் இருக்கின்றன. செராங்கூன் சாலையில் 1947 முதல் இயங்கும் கோமள விலாஸ் உட்பட சைவ உணவகங்கள் பல உண்டு. பக்கத்திலேயே ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில். நம்ம ஊர் போலவே மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், காலையிலேயே தரிசனத்தை முடித்துவிடுவது நல்லது.

நேரம் இருந்தால், அதே டவுன்டவுன் பாதையில் சைனாடவுன் போய், 1827-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலையும் பார்க்கலாம். சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயில் இது. 11 மணிக்கு ரயில் ஏறினால் 12 மணிக்கு விமான நிலையம். கணக்கு சரி.

மாலையில் இறங்கினால் மெரினா பே

மாலை 5 மணிக்கு இறங்கி நள்ளிரவு 1 மணிக்குக் கிளம்புபவர்கள், அதே டவுன்டவுன் பாதையில் பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கலாம். கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள ராட்சத மர வடிவக் கோபுரங்களின் கீழே தினமும் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் ஒளி, இசைக் காட்சி நடக்கும். இலவசம். உள்ளே இருக்கும் கண்ணாடி மாளிகைகளுக்கு மட்டும் டிக்கெட்.

10 மணிக்கு ரயில் ஏறிவிட வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு ரயில் ஓடாது, டாக்சிதான் வழி.

ரயிலுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டையை வாசலில் தட்டினால் போதும். ஆனால் ஒரு அட்டையில் ஒருவர்தான் போக முடியும். நாலு பேருக்கு நாலு அட்டை வேண்டும். மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். கைப்பையில் ஒரு குடை இருக்கட்டும்.

பையில் இவை இருக்கவே கூடாது

சிங்கப்பூர் சட்டங்கள் கடுமையானவை. "தெரியாம கொண்டுவந்துட்டேன்" என்பது காப்பாற்றாது.

• கசகசா: நம்ம வீட்டுச் சமையலறைப் பொருள்தான். ஆனால் அபின் செடியின் விதை என்பதால், அதில் சிறிதளவு மார்ஃபின் இருக்க வாய்ப்புண்டு. அதனால் சிங்கப்பூரில் கட்டுப்பாடு. மகளுக்கு மசாலாப் பொடி கட்டிக்கொண்டு போகிறவர்கள் கசகசாவை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்.

• இ-சிகரெட், வேப்: முழுத் தடை. சமீபத்தில் தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டுள்ளன.

• சிகரெட்: வரிச்சலுகை கிடையாது. ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும்.

• சூயிங் கம்: கொண்டுவரக் கூடாது.

• அடுத்தவர் பார்சல்: "அங்க ஒருத்தர் வந்து வாங்கிப்பாரு" என்று யாராவது பொட்டலம் கொடுத்தால் வாங்கவே கூடாது. போதைப்பொருள் கடத்தலுக்குச் சிங்கப்பூரில் மரண தண்டனை வரை உண்டு.

ரயிலுக்குள் தண்ணீர் குடிப்பதும் சாப்பிடுவதும்கூட விதிமீறல். 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் விதிக்கலாம்.

திரும்பி வரும்போது கவனிக்க

சென்னையில் பாதுகாப்புச் சோதனையை முடித்துவிட்டுத்தான் கேட் பக்கம் போவோம். சாங்கியின் டெர்மினல் 1, 2, 3-ல் அந்தச் சோதனை விமானம் ஏறும் கேட்டிலேயே நடக்கும். அதனால் "கேட் பக்கத்துலதானே இருக்கோம்" என்று கடைசி நிமிடம் வரை கடைகளில் நிற்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட வேண்டும். 100 மில்லிக்கு மேல் ஊறுகாயோ எண்ணெயோ கைப்பையில் இருந்தால் அங்கே எடுத்துவிடுவார்கள்.

போனை விமான நிலையத்திலேயே சார்ஜ் செய்துகொள்வதும் நல்லது. 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது.

சுருக்கமாக…

• 5 மணி நேரத்துக்குள்: டிரான்சிட் பகுதியை விட்டு வெளியே வர வேண்டாம்.

• 5 முதல் 7 மணி நேரம்: தகுதி இருந்தால் ஜூவல் அல்லது இலவசச் சுற்றுலா.

• 8 மணி நேரத்துக்கு மேல்: தேக்கா அல்லது மெரினா பே, இரண்டில் ஒன்று மட்டும்.

• தனித்தனி டிக்கெட், லக்கேஜ் உண்டு, விசா இல்லை: பணம் கட்டும் முன்பே அந்த டிக்கெட்டை மறுபரிசீலனை செய்யுங்கள். சாங்கியில் இறங்கிய பிறகு யோசித்தால் தாமதம்.